எருவும் குத்தகையும் எழுப்பிய சுவர்கள்: பிரிட்டிஷ் எஸ்டேட்டுகளின் பழைய பண்ணைக் கட்டடங்கள்

பிரிட்டனின் பெருமாளிகைகளைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அந்த மாளிகைகளுக்குச் சோறு போட்ட கட்டடங்களைப் பற்றி எழுதியது குறைவு. மாளிகையிலிருந்து கொஞ்சம் தள்ளி, பெரும்பாலும் மரங்களுக்கு அந்தப் பக்கம், ஒரு முற்றத்தைச் சுற்றி அவை நிற்கும்: களஞ்சியம், குதிரை லாயம், மாட்டுத் தொழுவம், வண்டிக் கொட்டகை, தானிய மாடம், பால் அறை. மாளிகையில் ஒரு சன்னல் அழகுக்காக மட்டுமே இருக்கலாம். இங்கே அப்படிப் பார்ப்பது அரிது. கதவு ஏன் இத்தனை உயரம், சுவரில் ஏன் இந்தப் பிளவு, தொழுவம் ஏன் தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது என்று எதைக் கேட்டாலும் பதில் உண்டு.

அந்தப் பதில்களைத் தேடிப் போனால் இரண்டு கேள்விகளில் வந்து நிற்போம். எந்தப் பொருளை எங்கிருந்து எங்கே நகர்த்த வேண்டியிருந்தது? கட்டடத்துக்கு யார் பணம் போட்டார்? முதல் கேள்வி கட்டடத்தின் அமைப்பைச் சொல்லிவிடும். இவ்வளவு செலவழித்து, இவ்வளவு கனமாக ஏன் கட்டினார்கள் என்பதை இரண்டாவதுதான் சொல்லும்.

இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன். எஸ்டேட் என்பது இங்கே ஒரு பிரபுவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம். 1873-ல் அரசு எடுத்த நில உடைமைக் கணக்கை வைத்துப் பார்த்தால், பிரிட்டன், அயர்லாந்து நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு 7,000-க்கும் குறைவான குடும்பங்களின் கையில் இருந்தது. அவர்கள் தாங்களே உழவில்லை. மாளிகையை ஒட்டிய சொந்தப் பண்ணை ஒன்றை மட்டும் தங்கள் நிர்வாகத்தில் வைத்துக்கொண்டு, மற்ற நிலத்தைப் பண்ணை பண்ணையாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டார்கள். முதலீடும் இரண்டாகப் பிரிந்தது. நிலம், வேலி, வடிகால், கட்டடம் ஆகியவை உடைமையாளர் பொறுப்பு. கால்நடை, கருவி, விதை, கூலி ஆகியவை குத்தகைதாரர் பொறுப்பு. அதனால்தான் ஒரே எஸ்டேட்டின் பண்ணைகள் பல மைல் தூரத்துக்கு ஒரே செங்கல், ஒரே ஓடு, ஒரே கதவு வடிவத்தோடு நிற்கின்றன. பல சுவர்களில் குடும்பத்தின் முதலெழுத்தும் ஆண்டும் பொறித்த கல் பதித்திருக்கும். பெட்ஃபோர்டு கோமகனின் எஸ்டேட் குடிசைகளில் மகுடத்தின் கீழே அந்தப் பெயரின் முதலெழுத்தை இன்றும் பார்க்கலாம்.

களஞ்சியம் ஏன் அத்தனை பெரியது

எஸ்டேட் கட்டடங்களில் மிகப் பழையவை களஞ்சியங்கள்தான். எசெக்ஸில் உள்ள கிரெஸ்ஸிங் டெம்பிள் என்ற இடத்தில் டெம்ப்ளர் வீரர்கள் என்ற கிறிஸ்தவப் போர்த்துறவிகளின் பண்ணைக்காகக் கட்டிய இரண்டு மரக் களஞ்சியங்கள் நிற்கின்றன. ஒன்றைப் பார்லிக் களஞ்சியம் என்றும் மற்றதைக் கோதுமைக் களஞ்சியம் என்றும் சொல்வார்கள். இரண்டும் 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியம் 1426-27-ல் வின்செஸ்டர் கல்லூரிக்காகக் கட்டப்பட்டது. ஏறக்குறைய 58 மீட்டர் நீளம், உள்ளே இரண்டு வரிசை ஓக் மரத் தூண்கள், நடுவில் உயர்ந்த கூடம், இரண்டு பக்கமும் தாழ்வாரம். தேவாலயம் போல இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அது தற்செயலான ஒற்றுமை அல்ல. பெரிய பரப்பை மரத்தால் மூட வேண்டுமானால் அந்தக் காலத் தச்சர்களுக்குத் தெரிந்த வழி அதுதான். தேவாலயக் கூரையைத் தூக்கிய கைகளே இதையும் தூக்கின.

இவ்வளவு பெரிய இடம் தானியத்துக்கா என்று கேட்டால், இல்லை. தானியம் அடைக்கும் இடம் சிறிது. அறுத்த கதிரை அப்படியே, தாளோடு கட்டாகக் கட்டி, உள்ளே அடுக்கி வைத்தார்கள். கதிரடிக்கும் வேலை அறுவடை முடிந்ததும் முடிந்துவிடாது, குளிர்காலம் முழுக்க நடக்கும். கூலியாட்கள் தோல்வாரால் கோத்த இரட்டைத் தடியை எடுத்துச் சுழற்றி, நாளுக்குக் கொஞ்சமாக அடித்துத் தீர்ப்பார்கள். வெளியே உறைபனி கிடக்கும் மாதங்களில் கிராமத்துக் கூலிக்காரருக்கு அதுதான் வேலை, அதுதான் வருமானம். அடித்த வைக்கோல் அன்றன்றைக்கு மாட்டுக்குப் போகும். ஆக, களஞ்சியம் என்பது சேமிப்பு இடமும் பட்டறையும் சேர்ந்தது.

கட்டடத்தின் மற்ற விவரங்கள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. நீண்ட சுவரின் நடுவே ஒரு பெரிய கதவு, அதற்கு நேர் எதிரே இன்னொரு கதவு. இரண்டுக்கும் நடுவில் ஓக் பலகையோ கெட்டித்த மண்ணோ பரப்பிய களம். கதிர்க்கட்டு ஏற்றிய வண்டி ஒரு பக்கம் உள்ளே வரும், இறக்கிவிட்டு மறு பக்கம் போகும். சில களஞ்சியங்களில் உள்ளே வரும் கதவு மிக உயரம், வெளியேறும் கதவு தாழ்வு. பாரம் இறங்கிய வண்டிக்கு அந்த உயரம் தேவையில்லையே. கதிரடித்த பிறகு இரண்டு கதவையும் திறந்துவிட்டால் குறுக்கே காற்று ஓடும். அந்தக் காற்றில் தூற்றினால் பதர் பறந்துவிடும். சுவரில் தெரியும் குறுகிய பிளவுகள் கதிர்க்கட்டு புழுங்காமல் இருக்கக் காற்றுக்காக விட்டவை. முகட்டுக்குக் கீழே உள்ள சிறு ஓட்டை ஆந்தைக்கு. எலி பிடிக்க ஆந்தையை வரவேற்று வாசல் வைத்திருக்கிறார்கள்.

ஊர்ப் பக்கத்தில் எந்தப் பெரிய களஞ்சியத்தைப் பார்த்தாலும் தசமபாகக் களஞ்சியம் என்று சொல்லும் பழக்கம் இங்கிலாந்தில் உண்டு. தேவாலயத்துக்குச் சேர வேண்டிய பத்தில் ஒரு பங்கு விளைச்சலைச் சேர்த்து வைத்த களஞ்சியங்கள் இருந்தது உண்மை. ஆனால் அப்படி அழைக்கப்படும் பல கட்டடங்கள் மடங்களின் அல்லது நில உடைமையாளர்களின் சொந்த விளைச்சலுக்காகக் கட்டியவை. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், ஃபாரிங்டன் ஊருக்கு அருகே உள்ள கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம் அந்த வகை. பியூலி மடத்தின் சிஸ்டர்சியன் துறவிகள் தங்கள் பண்ணைக்காக 1300-ஐ ஒட்டிக் கட்டியது அது. 19-ம் நூற்றாண்டுக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் தன் வீட்டுக்கு வந்த விருந்தினர்களை இதைக் காட்டவே கூட்டிப் போவாராம். 1536-க்கும் 1541-க்கும் இடையில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இப்படிப்பட்ட நிலங்களும் களஞ்சியங்களும் பெருமளவில் பிரபுக்கள், வணிகர்கள் கைக்குப் போயின. 1836-ல் வந்த சட்டம் தசமபாகத்தைப் பணமாகக் கட்டும் ஏற்பாட்டை எங்கும் கொண்டுவந்தது. தானியமாக வசூலிக்க இருந்த காரணம் அதோடு தீர்ந்தது.

முற்றம் என்ற எரு ஆலை

18-ம் நூற்றாண்டில் வந்த மாற்றம்தான் நாம் இன்று பார்க்கும் பண்ணை முற்றத்தை உருவாக்கியது. அதற்குக் காரணம் பயிர்ச் சுழற்சி. கோதுமை, டர்னிப், பார்லி, க்ளோவர் என்று நான்கு ஆண்டுச் சுழற்சியை நார்ஃபோக் பகுதியின் பெயரால் அழைப்பார்கள். நிலத்தைத் தரிசாகப் போடவேண்டிய தேவை இதனால் குறைந்தது. டர்னிப்பும் க்ளோவரும் கால்நடைக்குக் குளிர்காலத் தீவனம். தீவனம் இருந்தால் மாட்டைக் குளிர்காலத்தில் விற்கவோ வெட்டவோ வேண்டாம், முற்றத்தில் வைத்துக் கொழுக்க வைக்கலாம். முற்றத்தில் நிற்கும் மாடு வைக்கோலை மிதித்து எருவாக்கும். எரு வயலுக்குப் போனால் கோதுமை கூடும். கோதுமை கூடினால் வைக்கோல் கூடும்.

இந்தச் சுற்றைப் புரிந்துகொண்டால் கட்டடங்களின் அமைப்பு தானாகப் புரியும். வடக்கே உயரமான களஞ்சியம், குளிர்காற்றைத் தடுக்க. அதன் தெற்கே முற்றம். முற்றத்தைச் சுற்றி முன்பக்கம் திறந்த தொழுவங்கள். தெற்குப் பக்கம் வெயில் விழ தாழ்ந்த சுவர் அல்லது வேலி மட்டும். களஞ்சியத்தில் வைக்கோல் கிடைக்கிறது, அதை இரண்டு அடி தள்ளி முற்றத்தில் போட்டால் போதும். வண்டிக் கொட்டகை மட்டும் முற்றத்துக்கு முதுகு காட்டிச் சாலையைப் பார்த்து நிற்கும், பெரும்பாலும் வடக்கு அல்லது கிழக்கு நோக்கி. நேர் வெயில் பட்டால் வண்டியின் மரம் வெடிக்கும், அதோடு மாடு நிற்கும் சேற்றில் வண்டியை இழுத்து வர யாரும் விரும்புவதில்லை. கொட்டகையின் மேல்தளத்தில் தானிய மாடம். கீழே காற்று ஓடுவதால் ஈரம் ஏறாது. தனியாகக் கட்டிய மாடமானால் காளான் வடிவக் கல்தூண்கள் மேல் நிறுத்துவார்கள். எலி தூணில் ஏறினாலும் மேலே கவிழ்ந்திருக்கும் வட்டக் கல்லைத் தாண்ட முடியாது.

குதிரை லாயத்தைக் கண்டுபிடிப்பது எளிது. தொழுவங்களைவிட உயரமான சுவர், நல்ல சன்னல், பதித்த தரை, மேலே வைக்கோல் பரண், பக்கத்தில் சேண அறை. உழவுக் குதிரை விலை உயர்ந்த சொத்து. அதைப் பார்த்துக்கொண்ட ஆளுக்கும் பண்ணையில் மதிப்பு அதிகம்.

நார்ஃபோக் முறையைப் பரப்பிய பெருமை ஹோல்கம் எஸ்டேட்டின் தாமஸ் கோக்குக்குப் போகும். 1776-ல் எஸ்டேட்டுக்கு வந்து 1842-ல் இறக்கும்வரை அவர் நடத்தினார். உண்மையில் அந்தச் சுழற்சி அவருக்கு முன்பே நார்ஃபோக்கில் இருந்தது. அவர் செய்தது அதற்குக் கட்டடம் கட்டியதும் ஊரறியச் செய்ததும். நீண்டகாலக் குத்தகை கொடுத்தார், எப்படிப் பயிரிட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதினார். 1790-களில் சாமுவேல் வையாட் என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு பெரிய களஞ்சியத்தைக் கட்டினார். ஆண்டுதோறும் ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் நாட்களில் பல ஊர்களிலிருந்து விவசாயிகளும் பிரபுக்களும் அங்கே கூடினார்கள். சாதாரணப் பண்ணைக்கு வேண்டியதைவிட அந்தக் களஞ்சியம் கம்பீரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நல்ல கட்டடம் தருகிறேன், நல்ல குத்தகைதாரர் வாருங்கள் என்று அது சொன்னது. முதல் வைத்துச் செய்யத் தெரிந்த விவசாயி எங்கே வேண்டுமானாலும் நிலம் எடுக்கலாம். அவரை இழுக்கக் கட்டடம்தான் தூண்டில்.

கோயில் தூணும் கோட்டை மதிலும்

இதே காலத்தில் பிரபுக்களுக்கு விவசாயம் நாகரிகமாகவும் ஆகிவிட்டது. பண்ணை வீட்டுக்கான வடிவமைப்புகளை மட்டுமே கொண்ட நூல் ஒன்றை டேனியல் கேரட் 1747-லேயே வெளியிட்டார். அதன் பின் அப்படிப் பல வந்தன. 1793-ல் வேளாண் வாரியம் அமைந்தது. 1797-ல் அது வெளியிட்ட முதல் தொகுப்பே பண்ணைக் கட்டடங்களைப் பற்றியது.

பேரெடுத்த கட்டடக்கலைஞர்கள் தொழுவம் வரைந்தார்கள். லண்டனில் பாங்க் ஆஃப் இங்கிலாந்தைக் கட்டிய ஜான் சோன் 1790-களில் கேம்பிரிட்ஜ்ஷயரின் விம்போல் எஸ்டேட்டில் ஒரு முழுப் பண்ணையை வடிவமைத்தார். மரச் சுவர், புல் வேய்ந்த கூரை. அதே சோன் 1798-ல் சோலிஹல்லில் ஒரு களஞ்சியத்துக்கு முன்பக்கம் செங்கல்லால் டோரிக் என்ற பழைய கிரேக்கப் பாணித் தூண்கள் வைத்தார். இத்தாலியின் பேஸ்டம் நகரில் அவர் பார்த்திருந்த கிரேக்கக் கோயில்தான் அதற்கு மாதிரி. ஸ்காட்லாந்தில் இன்வரேரி எஸ்டேட்டுக்காக ராபர்ட் மில்ன் வட்ட வடிவப் பண்ணை ஒன்றைத் திட்டமிட்டார். பாதி வட்டம்தான் எழும்பியது. இன்னும் சிலர் மாளிகை சன்னலிலிருந்து பார்த்தால் கோட்டை போலத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தொழுவத்துக்குக் கொத்தளம் வைத்தார்கள். 18-ம் நூற்றாண்டின் நடுவில் பேட்மின்டன் எஸ்டேட்டில் தாமஸ் ரைட் கட்டியவை அப்படிப்பட்டவை.

இவற்றை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. கொத்தளத்தால் எந்த மாட்டுக்கும் பயனில்லை. பால் அறையில் நிலைமை வேறு. பாலும் வெண்ணெயும் கெடாமல் இருக்கக் குளிர்ச்சி வேண்டும். அதற்காகத் தரையைத் தாழ்த்தினார்கள், வடக்கு நோக்கி வைத்தார்கள், மர நிழலில் கட்டினார்கள், சுவரை இரட்டையாக எழுப்பினார்கள், கழுவ எளிதாக இருக்கப் பீங்கான் ஓடு பதித்தார்கள், சிலர் நடுவில் நீரூற்றும் வைத்தார்கள். வீட்டுப் பெண்மணிகள் வந்து பார்க்கும் இடம் என்பதால் ஓட்டில் வண்ணமும் சன்னலில் வண்ணக் கண்ணாடியும் சேர்ந்தன. வின்ட்சரில் ஃப்ராக்மோர் அரச பால் அறை 1858-ல் முடிந்தது. மின்டன் என்ற பீங்கான் நிறுவனத்தின் ஓடுகளும் நீரூற்றுகளும் நிறைந்த அந்த அறை விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட்டின் ஆர்வத்தில் எழுந்தது. அங்கே அழகுக்கென்று தோன்றும் பலவும் குளிர்ச்சிக்கோ சுத்தத்துக்கோ உதவின. பயனும் பகட்டும் இந்த அளவுக்கு இசைந்து நின்ற கட்டடம் பண்ணைகளில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இயந்திரம் நுழைந்தது

1786-ல் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மீக்கிள் பயன்படக்கூடிய கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். களஞ்சியத்தின் வடிவத்தை அது மெல்ல மாற்றியது. இயந்திரத்தை ஓட்டக் குதிரைகள் வட்டமாகச் சுற்றிவர வேண்டும். அதற்காகக் களஞ்சியத்தின் முதுகில் வட்டமாகவோ பல பட்டையாகவோ ஒரு கொட்டகை ஒட்டினார்கள். நார்தம்பர்லாண்ட், டர்ஹாம் பகுதிகளில் இவை இன்றும் நிறைய நிற்கின்றன. நிலக்கரி பக்கத்தில் கிடைத்த இடங்களில் குதிரைக்குப் பதில் நீராவி வந்தது. ஆலைக்கு இருப்பது போல உயரமான புகைபோக்கி தொழுவத்தின் நடுவிலிருந்து எழும்புவதை நார்தம்பர்லாண்டிலும் ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியனிலும் பார்க்கலாம். கதிர்கட்டை வெளியே போராக அடுக்கிவிட்டு, வேண்டும்போது இயந்திரத்தில் ஒரேயடியாக அடித்துவிடலாம் என்று ஆனதும், கட்டுகளை அடுக்கி வைக்கும் பெரிய களஞ்சியத்துக்குத் தேவையே குறைந்தது. 19-ம் நூற்றாண்டுப் பண்ணைகளில் களஞ்சியம் சிறுத்து, தொழுவம் பெருத்திருப்பது இதனால்தான்.

இந்த மாற்றம் யாருடைய வயிற்றில் அடித்தது என்பதைச் சொல்லாமல் கட்டடக்கலை பேசுவது நியாயமில்லை. தடியால் கதிரடிப்பது கூலிக்காரரின் குளிர்கால வருமானம் என்று பார்த்தோம். 1830 ஆகஸ்டில் கென்ட்டில், கேன்டர்பரிக்கு அருகே, கூலியாட்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினார்கள். சில மாதங்களில் கலவரம் தென் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. மிரட்டல் கடிதங்களில் கேப்டன் ஸ்விங் என்ற கற்பனைப் பெயர் இருந்ததால் அதை ஸ்விங் கலவரம் என்கிறார்கள். அடக்கிய பிறகு 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், 500 பேருக்குச் சற்றுக் குறைவானவர்களைக் கடல் தாண்டி நாடு கடத்தினார்கள். களஞ்சியத்தை ஒட்டிய அந்த வட்டக் கொட்டகை அழகாக இருக்கிறது என்று படம் பிடிக்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கடன் வாங்கிக் கட்டிய பொற்காலம்

1846-ல் தானியச் சட்டங்கள் நீக்கப்பட்டன. வெளிநாட்டுத் தானியத்துக்கு இருந்த வரித்தடை போனது. இனி நிலைக்க வேண்டுமானால் ஏக்கருக்கு இன்னும் அதிகம் விளைவிக்க வேண்டும், தானியத்தோடு இறைச்சியையும் பாலையும் நம்ப வேண்டும் என்ற முடிவுக்கு எஸ்டேட்டுகள் வந்தன. அரசும் கை கொடுத்தது. பல எஸ்டேட்டுகள் குடும்ப ஏற்பாட்டில் பூட்டிக் கிடந்தன. தற்போதைய பிரபுவுக்கு அனுபவிக்கும் உரிமை மட்டுமே, நிலத்தை அடகு வைக்க முடியாது. நிலத்தின் மேல் கடன் ஏற்றி வடிகாலும் கட்டடமும் செய்ய 1846 முதல் வரிசையாகச் சட்டங்கள் வந்தன. அவற்றைப் பயன்படுத்தி நில மேம்பாட்டுக் கம்பெனிகள் கடன் கொடுத்தன. கடன் தீர்வதற்கு முன் கட்டடம் விழுந்துவிடக் கூடாது என்பதால் அரசின் ஆணையர்கள் வரைபடத்தைப் பார்த்துத் தரம் சரிபார்த்தார்கள். விக்டோரியா காலத் தொழுவங்கள் ஏன் இவ்வளவு கனமாக நிற்கின்றன என்று கேட்பவர்களுக்கு இது ஒரு முக்கியமான விடை.

கட்டுமானப் பொருளும் மலிந்தது. 1845-ல் கண்ணாடி வரியும் 1850-ல் செங்கல் வரியும் நீங்கின. ரயில் வந்துவிட்டதால் வேல்ஸின் ஸ்லேட் கல்லும் பால்டிக் கரையின் பைன் மரமும் வார்ப்பிரும்புத் தூண்களும் எங்கும் கிடைத்தன. அந்தந்த ஊர்க் கல்லும் மண்ணும் புல்லும் பின்வாங்கின. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஊருக்கு ஊர் மாறிய கட்டட முகம் மங்கத் தொடங்கியது இந்தக் கட்டத்தில்தான்.

எருவின் மேல் இருந்த கவனம் இப்போது அறிவியலாக மாறியது. மழை பட்டால் எருவின் சத்து கரைந்து ஓடிவிடுகிறது என்று வேதியியலாளர் அகஸ்டஸ் வோல்க்கர் 1850-களில் சோதித்துக் காட்டினார். சரி, அப்படியானால் முற்றத்துக்கே கூரை போடுவோம் என்று இறங்கினார்கள். ரயில் நிலையக் கூரையைப் போல முற்றம் முழுதையும் மூடிய பண்ணைகள் தோன்றின. சாமர்செட்டில் ஈஸ்ட் ஹார்ப்ட்ரீ ஊரின் ஈஸ்ட்வுட் மேனர் பண்ணை 1858-ல் அப்படிக் கட்டியது.

கிரேட் காக்ஸ்வெல்லிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள கோல்ஸ்ஹில்லில் ரேட்னர் பிரபு 1850-களில் கட்டிய மாதிரிப் பண்ணை இந்தக் காலச் சிந்தனைக்கு நல்ல சான்று. சரிவான நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கதிர்க்கட்டு மேலே வந்து இறங்கும், அங்கே இயந்திரம் அடிக்கும். வைக்கோலும் தீவனமும் ஒரு தளம் கீழே உள்ள கால்நடைக்குப் போகும். எரு இன்னும் கீழே சேரும். தூக்க வேண்டிய பாரத்தைப் பெருமளவு நிலத்தின் சரிவே இறக்கிக் கொடுத்தது.

வேல்ஸின் வெல்ஷ்பூல் அருகே லெய்டன் எஸ்டேட்டில் லிவர்பூல் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் நெய்லர் இன்னும் துணிந்தார். வட்ட வடிவ ஆட்டுக் கொட்டகை, பன்றிக் கொட்டகை, நீர்விசை இயந்திரம், திரவ எருவை மலை மேல் தொட்டிக்கு ஏற்றிக் குழாய் வழியே வயலுக்கு விடும் அமைப்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். (வேலிக்கு நடும் லேலண்ட் சைப்ரஸ் மரமும் இந்த எஸ்டேட்டில் பிறந்த கலப்பினம்தான்.) கோல்ஸ்ஹில்லுக்குப் பக்கத்து எஸ்டேட்டான பஸ்காட்டில், ஆஸ்திரேலியாவில் பணம் சேர்த்த ராபர்ட் கேம்பல் கிழங்கிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலை, சிறு ரயில் பாதை, 1870-ஐ ஒட்டிக் கான்கிரீட் களஞ்சியம் எல்லாம் அமைத்தார். பிரிட்டனில் கான்கிரீட்டில் எழுந்த மிகத் தொடக்க காலப் பண்ணைக் கட்டடங்களில் அது ஒன்று.

இவ்வளவும் வீணா? கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் நஷ்டம். பல எஸ்டேட்டுகளில் போட்ட பணத்துக்கு ஏற்றபடி குத்தகை உயரவில்லை. அதைவிட ஆழமான ஒரு முரண் இருந்தது. எருவைச் சேமிக்க இவ்வளவு செலவழித்த அதே ஆண்டுகளில் எருவுக்கு மாற்று வந்துகொண்டிருந்தது. 1840-களில் பெருவிலிருந்து கடற்பறவை எச்சமான குவானோ கப்பல் கப்பலாக வந்தது. 1842-ல் ரோதம்ஸ்டெட்டின் ஜான் லாஸ் சூப்பர் பாஸ்பேட் என்ற செயற்கை உரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மூட்டையில் உரம் வாங்க முடியும் என்று ஆன பிறகு, முற்றத்துக்குக் கூரை போட்ட செலவைத் திரும்ப எடுப்பது கடினம்.

1870-களின் இறுதியில் அமெரிக்கச் சமவெளிக் கோதுமை நீராவிக் கப்பலில் வந்து குவிந்தது. 1870-களில் ஒரு குவார்ட்டர், அதாவது ஏறக்குறைய 218 கிலோ கோதுமை, சராசரியாக 50 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1894-ல் அது 22 ஷில்லிங் 10 பென்ஸுக்கு இறங்கியது. குத்தகைதாரர்கள் நிலத்தை விட்டுப் போனார்கள், பிரபுக்கள் குத்தகையைத் தள்ளுபடி செய்தார்கள். பஸ்காட்டின் கேம்பல் பெரும் கடனோடு 1887-ல் இறந்தார். எஸ்டேட்டுகள் புதிதாகக் கட்டுவது அநேகமாக நின்றது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஏராளமான எஸ்டேட்டுகள் துண்டு துண்டாக விற்பனைக்கு வந்து, குத்தகைதாரர்களில் பலர் உடைமையாளர் ஆனார்கள். அவர்களுக்குக் கட்டக் கையில் பணமில்லை. அதனால் பழையதை இடிக்காமல் ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். நாம் இன்று இவற்றைப் பார்க்க முடிவதற்கு அந்த ஏழ்மையும் ஒரு காரணம்.

இப்போது யார் வைத்துக் காப்பது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர் வந்து குதிரையை வெளியேற்றியது. அறுவடை இயந்திரம் வயலிலேயே கதிரடித்தது. டிராக்டரும் டிரெய்லரும் பழைய கதவுக்குள் நுழையாது, ஏற்றும் இயந்திரம் தூண்களுக்கு நடுவே திரும்பாது. பக்கத்தில் இரும்புத் தூணும் தகடும் போட்ட பெரிய கொட்டகை எழும்பியது. பழைய முற்றம் கைவிடப்பட்டது. கூரை ஓட்டில் நாலு போனால் போதும், மரம் இற்றுப் போகச் சில ஆண்டுகள்தான்.

வீடாக மாற்றுவதுதான் இப்போது பரவலான வழி. இங்கிலாந்தில் 2014 முதல் வேளாண் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு வீடாக்கலாம். 2024-ல் இந்த விதியைத் தளர்த்தி ஒரு பண்ணையில் 10 வீடுகள்வரை அனுமதித்தார்கள். பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தாது. ஆகவே அடிபடுவது பட்டியலில் ஏறாத சாதாரண முற்றங்கள்தான். இங்கே என் கருத்தை மறைக்கவில்லை: தொழுவத்தையும் வண்டிக் கொட்டகையையும் வீடாக்கலாம், அவை ஏற்கெனவே சிறு சிறு அறைகள். களஞ்சியத்தை வீடாக்குவது வேறு விஷயம். அதன் முழுப் பெருமையும் தரையிலிருந்து முகடுவரை தடையில்லாமல் கண்ணுக்குத் தெரியும் அந்த ஒரே கூடத்தில் இருக்கிறது. அங்கே மாடி போட்டு, குளியலறை வைத்து, இருண்ட கூரையில் பத்து சன்னல் வெட்டினால், வெளியே கூரை ஓடும் சுவர்ச் செங்கல்லும் மிஞ்சும், களஞ்சியம் போய்விடும். திருமண மண்டபம், சந்தை, இசைக்கூடம், பட்டறை என்று கூடத்தைக் கூடமாகவே விட்டுவைக்கும் எந்தப் பயன்பாடும் அதைவிட மேல். விம்போலில் சோனின் பண்ணை இன்றும் பண்ணையாகவே இயங்குகிறது, அருகிவரும் கால்நடை இனங்களை அங்கே வளர்க்கிறார்கள். ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியம் பராமரிப்பின்றிக் கிடந்து, 2012-ல் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு வாங்கிச் செப்பனிட்டுப் பொதுமக்களுக்குத் திறந்தது.

பஸ்காட், கோல்ஸ்ஹில் எஸ்டேட்டுகளும் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியமும் அவற்றின் உடைமையாளரான எர்னஸ்ட் குக் எழுதிய உயிலின்படி 1956-ல் பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு வந்தன. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கோல்ஸ்ஹில்லின் 17-ம் நூற்றாண்டு மாளிகை தீயில் எரிந்துவிட்டது, மிஞ்சிய சுவர்களையும் பின்னர் இடித்துவிட்டார்கள். மாதிரிப் பண்ணை மட்டும் நிற்கிறது. துறவிகளின் களஞ்சியம், சரிவில் இறங்கும் விக்டோரியா முற்றம், கேம்பலின் கான்கிரீட் என்று மூன்று காலங்களும் அங்கே ஒன்றுக்கொன்று அருகிலேயே இருப்பதால், இந்த வரலாற்றை ஒரே நாளில் நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஃபாரிங்டனைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.